நான்கு லீவர்கள்

பழைய மலைச் சைக்கிளின் உதிரிபாகத்தில் எவனாவது கைவரிசையைக் காட்டியிருந்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். முப்பது வருடத்துக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்து மண்டையைக் குடைந்து செய்த பிரேக் லீவரை, ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாத ஒரு மேதாவி டிரில் போட்டுச் சல்லடையாக்கி வைத்திருப்பான். கேட்டால் எடையைக் குறைத்தேன் என்பான். தொப்பையில் குறைக்கவேண்டிய எடையை லீவரில் குறைத்தால் யாருக்கு என்ன லாபம்?

இதுதான் என் பிழைப்பு. துணி வெளுக்கும் கடைக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை. சுவரெல்லாம் கொக்கி, கொக்கியெல்லாம் சக்கரம். பழைய மலைச் சைக்கிளை வாங்கி, அது முதல் முதலில் கடைக்கு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிக் கொடுப்பேன். அதற்கு எது கம்பெனி செய்தது, எது பின்னால் எவனோ செய்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும். அந்த ஒரு விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்கு வேறு எதுவும் தெரியாது.

எங்களைப் போன்ற கிறுக்கர்களுக்கு போனில் ஒரு குழு இருக்கிறது. அதில் எனக்கு 'தேய்மானம்' என்று பெயர். யார் எந்தப் படத்தைப் போட்டாலும் 'எங்கே தேய்ந்திருக்கிறது, கிட்டத்தில் காட்டு' என்று கேட்பதால் வந்த பெயர். அலமாரியில் இருநூறு லீவர்கள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கட்டியிருக்கும். யார் ஓட்டினார், எத்தனை வருடம், வாரத்துக்கு எத்தனை நாள், மழையிலா வெயிலிலா என்று அதில் எழுதியிருக்கும். புதிதாக ஒன்று வந்தால் லென்ஸுக்கு அடியில் வைத்து, அலமாரியில் அதற்கு ஜோடி தேடுவேன். போன வருடம் ஒருவன் புது லீவரைத் தேய்த்துப் பழையது என்று காட்டினான். குழுவில் அத்தனை பேர் முன்னாலும் அவன் மானத்தை வாங்கினேன். அதற்கப்புறம் அவன் குழுவை விட்டே ஓடிவிட்டான்.

அக்கா அந்த அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தது ஒரு சனிக்கிழமை காலையில். இடது கையால் இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, என் மேசையில் தொப்பென்று போட்டாள்.

"என்ன இது, பழைய இரும்பு வியாபாரத்துல இறங்கிட்டியா?"

"பாத்துட்டுப் பேசு."

உள்ளே செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள். முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு ஜோடி பிரேக் லீவர். வலது லீவரின் தகட்டில் வரிசையாக ஐந்து துளை. தகடே கைப்பிடியை நோக்கி உள்ளே வளைக்கப்பட்டிருந்தது.

"எந்தப் புண்ணியவான் வேலை இது? நல்ல லீவரைக் குட்டிச்சுவராக்கி வெச்சிருக்கான் பாரு. எடை குறைக்கிறானாம்."

"ஜோடியில இன்னொண்ணுல ஓட்டையே இல்லையே," என்றாள் அக்கா. "எடை குறைக்கிறவன் ஒரு பக்கம் மட்டுமா குறைப்பான்?"

அவள் லீவரை வாங்கி, துளை ஒன்றின் விளிம்பை நகத்தால் காட்டினாள். உள்விளிம்பில் வழவழப்பாக ஒரு தடம். கயிறோ வாரோ அதன் வழியாகப் போய் வந்திருக்கிறது.

"வாரைக் கோத்து, விரலை அதுக்குள்ள விட்டிருக்காங்க. விரல் வழுக்காம இருக்க. வளைச்சிருக்கறது எட்டறதுக்காக. இது கையில பலம் போய்க்கிட்டிருந்த ஒரு ஆளோடது தம்பி."

நான் இருபத்தாறு வருடமாக உலோகத்தைப் பார்க்கிறேன். அவள் இருபத்தெட்டு வருடமாகக் கையைப் பார்க்கிறாள். அக்கா ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்கள், முடங்கியவர்கள் என்று ஊரில் பாதிப் பேரின் கைகால்களை அவள் மடக்கி நீட்டியிருக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் ஒரு நோயாளியின் முழங்கையைப் பிடித்தபோது தன் பிடி நழுவுவதை அவளே கவனித்தாள். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராத நோய். தசை ஒவ்வொன்றாக மெலிந்துகொண்டே போகும். மருந்து தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. அவளுடைய வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேடு இப்போது தட்டையாகிவிட்டது. நான் அங்கே பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் குடும்பத்தில் சைக்கிள் ஓட்டுகிறவள் அவள்தான். நான் துடைக்கிறவன். ஊருக்கு வெளியே குன்றைச் சுற்றிக் காட்டுக்குள் ஏறி இறங்கும் பாதை ஒன்று உண்டு. கல்லும் வேருமாக இருக்கும். வாரம் தவறாமல் இருபது வருடமாக அதில் போய்வருகிறாள். கல்யாணத்துக்கு மறுவாரமே போனவள். மாமா அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். மேலே ஏறுவது காலின் வேலை. இறங்குவது முழுக்க முழுக்கப் பிரேக்கின் வேலை, அதாவது கையின் வேலை.

"எங்க கிடைச்சுது?"

"வீடு காலி பண்றவரோட கடையில. எனக்கு ஹேண்டில்பார் கிரிப் தேடப் போனேன். மூலையில கிடந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன், அப்படியே நின்னுட்டேன்." ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "திருத்தினது மொத்தம் நாலு இருக்கு. நாலும் ஒரே ஆள் செஞ்சது. எனக்கு ரெண்டே விஷயம் சொல்லு. எந்த வரிசையில செஞ்சாங்க? ஒவ்வொண்ணையும் எத்தனை நாள் ஓட்டினாங்க?"

"அக்கா, ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி. டாக்டர் சொன்னாரே."

"வேகம் ஆளுக்கு ஆள் மாறும்னு சொன்னாரு. நானும் என் பேஷண்ட்டுங்ககிட்ட அதையேதான் சொல்வேன். எப்ப சொல்வேன்னு எனக்குத்தானே தெரியும்? எல்லாரும் என்கிட்ட நல்லதாவே பேசறாங்கடா. சராசரி வேணாம், ஆறுதல் வேணாம். ஒரே ஒரு ஆளு, சைக்கிள் ஓட்டின ஆளு, எத்தனை நாள் ஓட்டினான்? அது தெரிஞ்சா போதும். உன்னால முடியும். இரும்பு விஷயத்துல நீ யாருக்கும் பொய் சொன்னதில்லை."

அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வேலையில் உட்கார்ந்தேன்.

முதலாவது அந்தத் துளை போட்ட வலது லீவர். வார் உரசிய தடத்தின் ஆழம், விரல் பட்ட இடத்தில் கறுப்புப் பூச்சு போய் வெள்ளை தெரிவது, கேபிளின் குமிழ் உட்காரும் குழியின் தேய்வு, இது மூன்றையும் பார்த்தேன். அலமாரியில் அதற்கு ஜோடி, வாரம் ஒருமுறை மூன்று வருடம் மலை ஏறிய ஒருவரின் லீவர். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். மூன்று வருடம். ஒரு மாதம் முன்னே பின்னே இருக்கலாம்.

இரண்டாவது ஓர் இடது லீவர். அதில் ஒரு கேபிள் மாட்டும் இடத்தை அரத்தால் அகலப்படுத்தி, இரண்டு கேபிள் மாட்டும்படி செய்திருந்தார்கள். ஒரே இழுப்பில் முன் பிரேக், பின் பிரேக் இரண்டும் பிடிக்கும். அதாவது வலது கை கணக்கிலேயே இல்லை. அழகான வேலை. இரண்டு கேபிளும் ஒன்றையொன்று உரசாமல் இருக்க நடுவில் முடி அளவு மேடு விட்டிருந்தான். என்னால் அப்படிச் செய்ய முடியுமா என்று யோசித்தேன். முடியாது. இதன் தேய்மானம் ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூட.

மூன்றாவது கட்டைவிரலால் தள்ளும் பழைய கியர் லீவர். அது பிரேக்கே இல்லை. ஆனாலும் லீவர் லீவர்தானே. வலது பக்கத்துக் கியரைத் தலைகீழாகத் திருப்பி இடது பக்கம் மாட்டியிருக்கிறான். குட்டைக் காம்பில் ஒரு ஸ்பூனின் பிடியை ரிவெட் அடித்து நீளமாக்கியிருந்தான். திறந்து பார்த்தேன். கியர் மாறும்போது 'டக் டக்' என்று சொல்லும் பல்வரிசையை உள்ளே மழுங்க அரைத்திருந்தான். சத்தம் போய்விடும், அழுத்தமும் பாதி போதும். இடது கட்டைவிரலும் தடுமாற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அரைத்த இடத்தில் அரத்தின் கோடுகள் இன்னும் பாதி அழியவில்லை. நாலு மாதம். மிஞ்சிப்போனால் ஐந்து.

நான்காவதை எடுக்க எனக்கு மனமே வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன். மேசையைத் துடைத்தேன். பிறகு எடுத்தேன்.

புது லீவர் ஒன்றை வாங்கி அதன் தகட்டை வெட்டிவிட்டு, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் பூச்சு அடித்த அலுமினியத் தகடு பொருத்தியிருந்தான். மேலே தோல். விரலே வேண்டாம். மணிக்கட்டை அதன் மேல் வைத்து உடம்பைச் சாய்த்தால் பிரேக் பிடிக்கும். எத்தனையோ திருத்தங்களைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். இதைப் பார்த்துக் கைதட்டத் தோன்றியது. லென்ஸுக்கு அடியில் வைத்தேன். தகட்டின் ஓரத்தில் அரம் போட்ட பிசிறு இன்னும் என் விரலைக் கீறியது. கேபிள் குமிழ் உட்காரும் குழியில் கம்பெனிப் பூச்சு அப்படியே இருந்தது. ஹேண்டில்பாரில் வைத்து இறுக்கும் வளையத்தின் உள்ளே ஒரு கீறல் இல்லை.

ஒரு நாள்கூட மாட்டவில்லை. அதைச் செய்து முடித்தபோது அந்த ஆளால் ஓட்டவே முடியாமல் போயிருக்கிறது.

வேறு காரணம் இருக்கலாம் என்று பிடிவாதமாகத் தேடினேன். வீடு காலி செய்பவருக்குப் போன் போட்டேன். "காலி பண்ணச் சொன்னாங்க, பண்ணினேன். எந்த வீடுன்னு கேட்டா நான் எங்க போறது? வாரத்துக்கு மூணு வீடு," என்றார். குழுவில் படங்களைப் போட்டேன், இது யார் வேலை என்று. முதலில் வந்ததெல்லாம் வழக்கமான கிண்டல்தான். ஸ்பூனைப் பார்த்து, சாப்பிட்டுக்கொண்டே ஓட்டுவானோ என்று ஒருவன் கேட்டிருந்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். பிறகு 'சங்கிலி' போன் செய்தான். பேச ஆரம்பித்தால் அறுந்தால்தான் நிற்பான் என்பதால் அவன் சங்கிலி. அன்றைக்கு நாலு வாக்கியம்தான் பேசினான்.

"அந்த வார் கட்டின லீவரை நான் பாத்திருக்கேன். பழைய குன்றுப் பந்தயத்துல ஒரு ஆளு வருவாரு, நாங்க ஒத்தக்கைன்னு சொல்வோம். அடுத்த வருஷம் ஒரே லீவர்ல ரெண்டு கேபிளோட வந்தாரு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வரலை."

புதன்கிழமை மாமா பேசினார். பொதுவாக அவர் என்னிடம் போனில் பேசினால் காருக்கு ஏதாவது ஆகியிருக்கும்.

"மாப்ளே, ஏதோ லீவர் பாக்கறியாமே. வீட்ல அதே பேச்சா இருக்கு. அந்த நாலாவதை மாட்டினா இன்னும் ஆறேழு வருஷம் ஓட்டலாம்னு சொல்லிக்கிட்டிருக்கா. ரொம்ப நாளைக்கப்புறம் நேத்துதான் சிரிச்சா." குரலைத் தாழ்த்தினார். "நல்லதா ஏதாவது சொல்லு மாப்ளே. உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"சரி மாமா," என்றேன்.

வியாழக்கிழமை காலை கடையைத் திறக்காமல் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நான்காவது லீவரை ஒரு துண்டு ஹேண்டில்பாரில் மாட்டி, இறுக்கி, கழற்றி, மறுபடி இறுக்கினேன். வளையத்துக்குள் கீறல் வந்தது. பழைய கேபிளைக் குழியில் போட்டு ஆயிரம் முறை இழுத்தேன். பிசிறைத் தோலால் தேய்த்து மழுக்கினேன். குன்றின் அடிவாரத்து மண்ணைக் கொண்டுவந்து தோலின் மடிப்புகளில் ஏற்றினேன். உப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்துக் காயவிட்டேன். தகட்டைக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தேன். கை மரத்துப்போனால் டீ, பிறகு மறுபடி அழுத்தல். வெள்ளிக்கிழமை மத்தியானம் லென்ஸில் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஐந்து வருடத் தேய்மானம். இருநூறு லீவர்களோடு சேர்த்து வைத்தால் ஒருவனும் கண்டுபிடிக்கமாட்டான். எவன் மானத்தையோ வாங்கினேனே, அவன் வேலையெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

வெட்கமாக இருந்தது. அதோடு, சொல்லவே கூசுகிறது, கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. எட்டு மாதமாக அக்காவுக்காக என் கையால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

சனிக்கிழமை அக்கா சைக்கிளிலேயே வந்தாள். வாசலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

"ம், சொல்லு."

மேசையில் துணியை விரித்து நாலையும் வரிசையாக வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி ஒப்பித்தேன். முதலாவது நாலு வருடம். இரண்டாவது மூன்று. மூன்றாவது இரண்டு. "நாலாவதுதான் ரொம்ப நாள் ஓடியிருக்கு. அஞ்சு வருஷம் இருக்கும்."

அவள் மனதுக்குள் கூட்டுவது தெரிந்தது. "பதினாலு," என்றாள். முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் நான் செய்தது சரி என்றுதான் நினைத்தேன்.

நான்காவதை எடுத்தாள். மடியில் வைத்து, வலது மணிக்கட்டைத் தோலின் மேல் சாய்த்துப் பார்த்தாள். நன்றாகத்தான் உட்கார்ந்தது. இடது மணிக்கட்டையும் வைத்துப் பார்த்தாள். அப்புறம் தகட்டைத் திருப்பினாள். அடியில் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். லென்ஸ்கூட அவளுக்குத் தேவைப்படவில்லை.

"இங்க எதுக்குடா தேஞ்சிருக்கு?"

கிட்டே போய்ப் பார்த்தேன். தகட்டின் அடிப்பக்கம், ஓரத்தில், காசளவுக்குப் பூச்சு போய் வெள்ளை தெரிந்தது.

"ஓட்டும்போது பட்டிருக்கும்."

"என்ன பட்டிருக்கும்?"

"கைதான்."

"கையில எது?" ஆஸ்பத்திரியில் மாணவர்களைக் கேட்பது மாதிரி கேட்டாள். அவள் என் வலது கையை இழுத்துத் தகட்டின் மேல் வைத்தாள். "அழுத்து."

அழுத்தினேன். நாலு விரலும் மேலே இருந்தன. கட்டைவிரல் தானாகப் போய் அடியில் முட்டுக்கொடுத்து, சரியாக அந்த வெள்ளை வட்டத்தின் மேல் உட்கார்ந்தது. இரண்டு நாளாக அது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. நல்ல கை உள்ளவனுக்கு அது எப்படித் தெரியும்?

"இந்தத் தசைதான் தம்பி முதல்ல போகும்." தன் உள்ளங்கையின் தட்டையான இடத்தை எனக்கு நேராகக் காட்டினாள். இந்த முறை என்னால் வேறு பக்கம் பார்க்க முடியவில்லை. "கட்டைவிரல் இப்படி முட்டுக்கொடுக்கற ஆளுக்கு இந்தத் தகடு எதுக்கு? சாதா லீவரையே பிடிப்பானே."

கையும் களவுமாக என்பது இதுதான். என் கை இன்னும் அந்தத் தகட்டின் மேலேயே இருந்தது.

"நீதானே?"

"ஆமா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எல்லாரும் நல்லதா பேசறாங்கன்னுதானேடா உன்கிட்ட வந்தேன்," என்றாள். "நீயும் காதுல பூ சுத்தினா நான் யார்கிட்ட போவேன்?"

"மாமா..." என்று ஆரம்பித்தேன். பழியை அவர் மேல் போடப் பார்த்த என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. "மாமா ஒண்ணும் சொல்லலை. நானாத்தான் செஞ்சேன்."

"அவர் சொல்லியிருப்பாரு. போகட்டும். மத்த மூணுலயும் கை வெச்சியா?"

"இல்லக்கா. நம்ம அம்மா மேல சத்தியமா இல்லை."

"உன் சத்தியம் எனக்கு எதுக்கு? லென்ஸைக் குடு."

அலமாரியிலிருந்து ஜோடி லீவர்களையும் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வார் தடத்தைப் பார்த்தாள், சீட்டுகளைப் படித்தாள், ஸ்பூன் பிடியை விரலால் தள்ளிப் பார்த்தாள். இடது கையால்தான் எல்லாம். நடுவில் எங்கேயும் உதவி கேட்கவில்லை. அரை மணி நேரம் ஆகியிருக்கும். வெளுப்புக் கடையின் இயந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப சொல்லு."

"மூணு வருஷம். அப்புறம் ஒரு வருஷம். அப்புறம் நாலு மாசம்."

"இது?"

"மாட்டவே இல்லை."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லக்கா."

தலையை ஆட்டினாள். ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன், மருந்து மாறியிருக்கிறது, அந்தக் காலம் வேறு, இந்தக் காலம் வேறு என்று. அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"மூணு வருஷம் இருக்கில்ல," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "மூணு வருஷம்னா நூத்தம்பது தடவை இறங்கலாம். குறைச்சலா என்ன? முதலாவதை மாட்டிக்குடு. வார் நான் வாங்கி வெச்சிருக்கேன்."

ஏதோ ஒன்றைச் செய்யச் சொன்னாளே என்று எனக்கு உயிர் வந்தது. துளை போட்ட லீவரையும் ஸ்பேனர்களையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவளுடைய சைக்கிளை நான் மூன்று மாதமாகத் தொடவில்லை. அவளே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பழைய லீவரைக் கழற்ற ஸ்பேனரை வைத்தேன்.

வலது லீவரின் மேல் மண் காய்ந்து படிந்திருந்தது. விரல் படும் இடத்திலும் படிந்திருந்தது. மூட்டில் துரு பூத்திருந்தது. அது இழுக்கும் பின்பிரேக்கைப் பார்த்தேன். நான் மூன்று மாதத்துக்கு முன்னால் மாட்டிய ரப்பர் கட்டைகள் மாட்டியபடியே இருந்தன. முன்னால் போய்ப் பார்த்தேன். இடது கை இழுக்கும் பிரேக். கட்டைகள் அடிவரை தேய்ந்து இரும்பு தெரிந்தது. சக்கரத்தில் வட்டம் வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது. குன்றின் அத்தனை இறக்கத்தையும் அந்த ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள்.

தேய்மானம் பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாதவன் நான். பார்க்காதது போல இருக்கவும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். தலைக்கவசத்தின் நிழலில் கண் தெரியவில்லை.

"எப்பலேர்ந்துக்கா?"

"மூணு மாசம்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது." தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு லாரி போய் முடிக்கும்வரை காத்திருந்தாள். "நீ பாத்துட்டே இல்ல?"

"ம்."

"அப்ப அதை உள்ள வெச்சிட்டு ரெண்டாவதை எடுத்துட்டு வா," என்றாள்.

நான் எழுந்து போய், இடது கைக்கான அந்த இரண்டாவதை எடுத்துவந்தேன்.